இடைவேளையில் யார் முன்னிலை? கல்லூரிக் கூடைப்பந்துக் கணிப்புச் சந்தைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

இருபது டாலரை நான் எப்படித் தொலைத்தேன் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். அமெரிக்காவின் நார்த் கரோலினா மாநிலத்தில் ராலே நகரின் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் குளிர்காலத்தில் கல்லூரிக் கூடைப்பந்திலிருந்து தப்பிக்க வழியில்லை. டியூக், நார்த் கரோலினா, என்.சி. ஸ்டேட் பல்கலைக்கழகங்கள் மூன்றும் அக்கம்பக்கம். அலுவலகத்தில் காலை காபிக்குப் போனால் முந்தைய இரவு ஆட்டம்தான் பேச்சு. அந்தச் சூட்டில், "இடைவேளையில் எங்கள் ஊர் அணி முன்னிலையில் இருக்கும்" என்று, நடக்குமா நடக்காதா என்ற கேள்விகளின் மேல் பணம் வைக்கும் ஒரு கணிப்புச் சந்தையில் 'ஆம்' வாங்கினேன். இடைவேளை ஸ்கோர் 31-31. சமன் என்றால் போட்ட காசு திரும்பி வந்துவிடும் என்று நானாகவே முடிவுகட்டிவிட்டேன். வரவில்லை. சமன் ஆனால் 'ஆம்' தோற்கும் என்று விதிப் பக்கத்தில் எழுதியே இருந்தது. நான்தான் படிக்கவில்லை.

அதனால் இந்த வழிகாட்டியில் காசு போடுவது கடைசியில் வருகிறது. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை நிறைய.

முதலில் கடிகாரம்

அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் ஆட்டம் 20 நிமிடப் பாதிகள் இரண்டு. நடுவில் 15 நிமிட இடைவேளை. பெண்கள் ஆட்டம் 2015-16 பருவத்திலிருந்து 10 நிமிடக் கால்பகுதிகள் நான்காக நடக்கிறது. அங்கே இடைவேளை என்பது இரண்டாவது கால்பகுதி முடியும் நேரம். தொழில்முறை லீகான என்.பி.ஏ.வில் கால்பகுதி 12 நிமிடம், அதாவது பாதி ஆட்டம் 24 நிமிடம். என்.பி.ஏ. பார்த்துப் பழகிய கண்ணோடு கல்லூரி ஆட்டத்தை எடைபோட்டால் தப்பாகும். இங்கே ஒரு தாக்குதலுக்கு 30 விநாடி, அங்கே 24. நேரமும் குறைவு, தாக்குதல்களும் குறைவு. அதிர்ஷ்டம் விளையாட இடம் அதிகம்.

இன்னொன்று: ஆண்கள் ஆட்டத்தில் ஒவ்வொரு பாதியிலும் 16, 12, 8, 4 நிமிடக் குறிகளைக் கடிகாரம் தாண்டிய பிறகு ஆட்டம் நிற்கும் முதல் தருணத்தில் தொலைக்காட்சிக்கான டைம்-அவுட் வரும். நேரலையில் விலையைப் பார்ப்பவர்கள் நிதானமாக யோசிக்கக் கிடைக்கும் நேரம் அதுதான். மற்ற நேரங்களில் யோசிப்பதாக நினைத்துக்கொண்டு பதறுகிறோம், அவ்வளவே.

சந்தையில் விற்பது என்ன?

ஒரு காண்ட்ராக்ட். கேள்வி நடந்தால் அது 1 டாலர் தரும், நடக்காவிட்டால் பூஜ்யம். 'ஆம்' 61 சென்டுக்கு விற்கிறது என்றால், நடப்பதற்கு ஏறக்குறைய 61 சதவீத வாய்ப்பு என்று சந்தை நினைக்கிறது. வாங்கி ஜெயித்தால் 39 சென்ட் லாபம், தோற்றால் 61 சென்ட் நட்டம். பந்தயக் கம்பெனியில் நீங்கள் கடைக்காரரோடு மோதுகிறீர்கள். கணிப்புச் சந்தையில் எதிர்ப்பக்கம் இருப்பது இன்னொரு ஆள், அல்லது அவர் எழுதிய மென்பொருள். உங்களுக்கு விற்பவர் ஏன் விற்கிறார் என்று ஒரு நிமிடம் யோசிப்பது நல்லது.

அமெரிக்காவில் கால்ஷி என்ற கணிப்புச் சந்தை சி.எஃப்.டி.சி. என்ற கூட்டாட்சி வாரியத்தின் கண்காணிப்பில் நடக்கிறது. விளையாட்டுக் காண்ட்ராக்டுகளை 2025-இல் தொடங்கியது. பாலிமார்க்கெட் கிரிப்டோ வழியாக வளர்ந்தது. வேறு சிலவும் உண்டு. எதில் பார்த்தாலும் கீழே உள்ள மூன்று கேள்விகளைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். திரையில் மூன்றும் அண்ணன் தம்பி போல ஒரே சாயலில் இருக்கும்.

இடைவேளையில் யார் முன்னிலை என்பது ஒன்று. இடைவேளையில் இத்தனை புள்ளிக்கு மேல் முன்னிலையா என்பது இரண்டாவது. ஆட்டத்தை வெல்வது யார் என்பது மூன்றாவது. கடைசிக் கேள்வியில் சமன் கிடையாது. 40 நிமிடத்தில் சமன் என்றால் 5 நிமிடக் கூடுதல் நேரம், தீரும்வரை. முதல் கேள்வியில் சமன் நிஜமாகவே வரும். 2018 மார்ச் 16, சார்லட் நகரம்: கல்லூரிகளின் தேசியப் போட்டித்தொடரில் தன் பிரிவின் முதல் தரவரிசை பெற்ற வர்ஜீனியாவும் கடைசியான 16-ஆம் தரவரிசை பெற்ற யு.எம்.பி.சி.யும் இடைவேளையில் 21-21. ஆட்டம் 74-54 என்று யு.எம்.பி.சி. பக்கம் போனது, ஆண்கள் போட்டித்தொடரில் 16-ஆம் தரவரிசை அணி முதல் தரவரிசை அணியை வென்றது அதுவே முதல் முறை. அன்று "வர்ஜீனியா இடைவேளையில் முன்னிலை" என்று சொன்னவரும் தோற்றார், "யு.எம்.பி.சி. முன்னிலை" என்று சொன்னவரும் தோற்றார்.

சமன் தனிக் காண்ட்ராக்டாக விற்கப்படுகிறதா, இல்லை இரண்டு பக்கமும் தோற்கிறதா, இல்லை பணம் திரும்புகிறதா என்பது இடத்துக்கு இடம் மாறும். விதிப் பக்கத்தில் இன்னும் இரண்டு வரிகளையும் தேடுங்கள்: ஆட்டம் தள்ளிப்போனால் என்ன ஆகும், ஸ்கோரை யாருடைய பதிவை வைத்து முடிவு செய்வார்கள். மணி அடிக்கும் நொடியில் கையை விட்ட பந்து செல்லுமா என்று நடுவர்கள் காணொலி பார்த்து முடிவு சொல்வார்கள். திரையில் ஸ்கோர் மாறியதும் குதிக்க வேண்டாம்.

உங்கள் ஊரில் இது செல்லுமா?

இந்தியாவில் இருந்து படிக்கிறீர்களா? காசு போடும் பகுதி உங்களுக்கு இல்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் தடை செய்கிறது; ப்ரோபோ போன்ற 'கருத்து வர்த்தக' செயலிகள் அந்த மாதமே பண ஆட்டத்தை நிறுத்தின. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே 2023-இல் தனிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. சிங்கப்பூர் 2025 ஜனவரியில் பாலிமார்க்கெட்டை முடக்கியது. வி.பி.என். போட்டுக்கொண்டு நுழையலாம் என்று சொல்லும் நண்பர் எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார். ஜெயித்த பணத்தை வெளியே எடுக்கும்போது அடையாளச் சான்று கேட்பார்கள். அப்போது அந்த நண்பர் இருக்க மாட்டார்.

அமெரிக்காவிலும் விஷயம் தீர்ந்துவிடவில்லை. இது பந்தயமா, நிதிச் சந்தையா என்று நெவாடா, நியூ ஜெர்சி, மேரிலண்ட் மாநிலங்களோடு 2025-இலேயே வழக்குகள் தொடங்கிவிட்டன. படிக்க வந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை: பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையில் பகுதிநேர வேலை செய்தால், கல்லூரி விளையாட்டுகளில் பணம் வைக்க, அந்த விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி அனுமதிப்பதில்லை. வீரர்களுக்கு மட்டும்தானே அந்த விதி என்று நினைத்துவிட வேண்டாம்.

காசு இல்லாமல் பழக வேண்டுமா? மேனிஃபோல்ட் தளத்தில் நிஜப் பணமில்லாத பொய்க் காசு உண்டு. ஒரு நோட்டும் பேனாவும் அதைவிட நல்லது.

விலையைப் பார்ப்பதற்கு முன் உங்கள் எண்ணை எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். விலையை முதலில் பார்த்துவிட்டால் நம் மனசு அதன் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். 61 என்று பார்த்தபின் "எனக்கும் 64 என்றுதான் தோன்றியது" என்போம். எனவே முதலில் கணக்கு, அப்புறம் விலை.

கணக்கு கடினமில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 'ஸ்ப்ரெட்' என்று ஒன்று வெளியாகும்: பலமான அணி எத்தனை புள்ளியில் வெல்லும் என்ற எதிர்பார்ப்பு. அது 6 என்று வைத்துக்கொள்வோம். கல்லூரி ஆட்டங்களில் நிஜ முடிவு இந்த எதிர்பார்ப்பைச் சுற்றிச் சுமார் 11 புள்ளி திட்ட விலக்கத்தோடு (சிதறலின் வழக்கமான அளவு) சிதறும் என்பது பரவலாகப் புழங்கும் தோராயம். பாதி ஆட்டத்துக்கு எதிர்பார்ப்பு பாதியாகிறது, 3 புள்ளி. சிதறலோ பாதியாவதில்லை, 11-ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும், ஏறக்குறைய 7.8. பலம் பாதியாகக் குறைகிறது, அதிர்ஷ்டம் அந்த அளவுக்குக் குறைவதில்லை. இடைவேளைச் சந்தையின் மொத்த சூட்சுமமும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

இதை எக்செல்லின் நார்மல் பரவல் ஃபார்முலாவில் போட்டால், 6 புள்ளி பலமான அணி ஆட்டத்தை வெல்ல 71 சதவீதம் வருகிறது. அதே அணி இடைவேளையில் முன்னிலையில் இருக்க 63 சதவீதம்தான். சமன் ஏறக்குறைய 5, பின்தங்க 33 (முழு எண்ணாக்கியதில் ஒன்று கூடிவிட்டது). ஸ்ப்ரெட் 12 என்றால் வெற்றிக்கு 86, இடைவேளை முன்னிலைக்கு 76, சமனுக்கு 4, பின்தங்க 20. இரண்டும் சம அணிகள் என்றால் 47, 5, 47 (மீதம் ஒன்று முழு எண்ணாக்கியதில் விழுந்தது). "வெல்லப் போகிற அணிதானே, இடைவேளையிலும் முன்னால்தான் இருக்கும்" என்று 71-ஐ அப்படியே இங்கே தூக்கிக்கொண்டு வருவதுதான் புதியவர்களின் முதல் தவறு. எனக்கு அது இரண்டாவது தவறு. முதல் தவறைத்தான் மேலே சொல்லிவிட்டேனே.

இந்த எண்கள் தோராயம். இதன் மேல் உங்களுக்குத் தெரிந்ததை வைத்து ஒன்றிரண்டு சதவீதம் ஏற்றி இறக்கலாம். எதை வைத்து?

வேகம் முக்கியம். டோனி பென்னட் பயிற்சியில் வர்ஜீனியா ஆடியதுபோல, 30 விநாடியையும் உருட்டி உருட்டி ஆடும் அணி என்றால் முதல் பாதியில் தாக்குதல்கள் குறையும், புள்ளிகள் குறையும், சமனும் சின்ன வித்தியாசமும் வர வாய்ப்பு கூடும். அந்த 21-21 சும்மா வந்ததல்ல. அணிகளின் வேகத்தைக் கென்பாம் தளத்திலும், இலவசமாக பார்ட் டார்விக் தளத்திலும் பார்க்கலாம்.

அடுத்தது ஃபவுல். ஐந்து ஃபவுல் ஆனால் வீரர் வெளியே. அதனால் முதல் பாதியிலேயே இரண்டு ஃபவுல் வாங்கிய வீரரை இடைவேளை வரை பெஞ்சில் உட்கார வைக்கும் பழக்கம் பல பயிற்சியாளர்களுக்கு உண்டு. முழு ஆட்டத்துக்கு அது சின்ன விஷயம். இரண்டாம் பாதியில் அவர் திரும்ப வந்துவிடுவார். இடைவேளைச் சந்தைக்கோ பெரிய விஷயம். அணியின் ஒரே உயரமான ஆள் 14-ஆம் நிமிடக் குறியில் இரண்டாவது ஃபவுல் வாங்கினால், வெற்றி விலையை விட இடைவேளை விலைதான் அதிகம் ஆட வேண்டும். எந்தப் பயிற்சியாளர் உட்கார வைப்பார், யார் துணிந்து ஆட விடுவார் என்று தெரிந்து வைத்திருப்பவருக்குத்தான் இங்கே கொஞ்சம் லாபம் இருக்கிறது.

கடைசி ஒரு நிமிடம் வேறு. 40 விநாடி சொச்சம் இருக்கும்போது சட்டென்று எறிந்துவிட்டால், எதிரணி முழு 30 விநாடி எடுத்தாலும் கடைசிப் பந்து நமக்கே திரும்பும். 'ஒன்றுக்கு இரண்டு' என்று சொல்கிற உத்தி. ஒரு புள்ளி வித்தியாசத்தில் நிற்கும் இடைவேளைக் காண்ட்ராக்ட் இந்தக் கடைசி இரண்டு எறிதல்களில் 20 சென்டிலிருந்து 80-க்கும், மறுபடி கீழேயும் ஓடும். அந்த நேரத்தில் வாங்குவது எனக்கு நாணயம் சுண்டுவது போலத்தான் தெரிகிறது.

வாங்கும் இடம்

பங்குச்சந்தையில் கை வைத்தவர்களுக்கு இது புதிதல்ல. 57-க்கு வாங்க ஒருவர் நிற்கிறார், 61-க்கு விற்க ஒருவர் நிற்கிறார். நடுவில் இருக்கும் 4 சென்ட் அவசரக்காரர் கட்டும் அபராதம். கிடைக்கிற விலைக்கு உடனே வாங்கும் மார்க்கெட் ஆர்டர் போட்டால் 61. சின்னக் கல்லூரிகளின் ஆட்டத்தில் கேட்கவே வேண்டாம், அதைவிட மோசமாகவும் கிடைக்கும். லிமிட் ஆர்டர் மட்டும் போடுங்கள். 58 என்று போட்டுக் காத்திருங்கள், கிடைக்காவிட்டால் போகட்டும். ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: ஆட்டம் தொடங்கியபின் நிறைவேறாத ஆர்டரை அப்படியே விட்டுவைத்தால், நிலைமை உங்களுக்கு எதிராகத் திரும்பும் நொடியில்தான் அது நிறைவேறும். தொலைக்காட்சி ஒளிபரப்பு அரங்கத்தைவிடப் பல விநாடி பின்னால் வருகிறது. நீங்கள் பார்க்காத பந்தை யாரோ ஏற்கெனவே பார்த்துவிட்டார்.

இரண்டு அணிகளின் இடைவேளை முன்னிலை, சமன் ஆகிய மூன்று காண்ட்ராக்டுகளின் விற்கும் விலையையும் கூட்டிப் பாருங்கள்: 61, 35, சமன் 7 என்றால் மொத்தம் 103. 100-க்கு மேல் இருப்பது உங்கள் தலையில் விழுவது. அப்புறம் கட்டணம். கால்ஷியில் பரவலாக உள்ள சூத்திரம் 0.07 × எண்ணிக்கை × விலை × (1 − விலை). 61 சென்டில் 100 காண்ட்ராக்ட் வாங்கினால் 1 டாலர் 67 சென்ட். ஆக, ஒன்றின் அடக்க விலை 62.67 சென்ட். நம் கணக்கு 63 என்று சொன்னது. மிச்சம் மூன்றில் ஒரு சென்ட். கணக்கு சரியாக இருந்தும் ஒன்றும் தேறவில்லை. என் விதி: என் எண்ணுக்கும் அடக்க விலைக்கும் 4 சென்டாவது இடைவெளி இல்லாவிட்டால் அந்த ஆட்டத்தைச் சும்மா பார்ப்பது. பெரும்பாலான இரவுகளில் சும்மாதான் பார்க்கிறேன்.

இடைவேளை மணி அடித்த பிறகு

இப்போது உங்கள் காண்ட்ராக்ட் முடிந்துவிட்டது. கையில் 15 நிமிடம், திரையில் வெற்றி விலை. "இவ்வளவு முன்னிலை இருக்கிறதே, சுலபக் காசு" என்று கை துறுதுறுக்கும் நேரம் இது.

அதே 7.8-ஐ வைத்துப் பாருங்கள். சம அணிகளில் ஒன்று இடைவேளையில் 5 புள்ளி முன்னால் என்றால் வெல்ல 74 சதவீதம். 10 என்றால் 90. ஒரு புள்ளி என்றால் வெறும் 55. 6 புள்ளி பலமான அணி 3 புள்ளி பின்தங்கியிருந்தால் சரிக்குச் சரி. 2022 ஏப்ரல் 4, நியூ ஆர்லியன்ஸ், ஆண்கள் இறுதிப் போட்டி: இடைவேளையில் நார்த் கரோலினா 40, கான்சஸ் 25. சம அணிகள் என்று கொண்டால் நம் கணக்கு நார்த் கரோலினாவுக்கு 97 சொல்லும். முடிவு கான்சஸ் 72-69. எங்கள் தெருவில் அன்று இரவு இடைவேளையில் பட்டாசு எடுத்து வைத்த வீடுகள் உண்டு. 97 என்றால் ஏறக்குறைய முப்பத்துமூன்றில் ஒரு தடவை இப்படி ஆகும் என்றுதான் அர்த்தம். அந்த ஒரு தடவை எது என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. 2016 முதல் 2025 வரை நடந்த ஆண்கள் இறுதிப் போட்டிகள் ஒன்பது (2020-இல் கோவிட்). அதில் நான்கில் இடைவேளை முன்னிலை பெற்ற அணி தோற்றது: 2016-இல் நார்த் கரோலினா, 2017-இல் கொன்சாகா, 2022-இல் மறுபடியும் நார்த் கரோலினா, 2025-இல் ஹூஸ்டன். ஒன்பது ஆட்டத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாதுதான். இறுதிக்கு வரும் அணிகள் ஏறக்குறைய சம பலம் என்பதும் காரணம்.

பேஸ்பால் புள்ளிவிவரங்களால் பேர்பெற்ற பில் ஜேம்ஸ் 2008-இல் கல்லூரிக் கூடைப்பந்துக்கு ஒரு விளையாட்டான சூத்திரம் தந்தார். முன்னிலையில் 3 கழியுங்கள். முன்னிலை அணியிடம் பந்து இருந்தால் அரை கூட்டுங்கள், எதிரணியிடம் இருந்தால் அரை கழியுங்கள். வர்க்கப்படுத்துங்கள். மீதமுள்ள விநாடிகளைவிட அது பெரிது என்றால் முன்னிலை பத்திரம். இடைவேளையில் மீதம் 1,200 விநாடி. பத்திரமாக இருக்க ஏறக்குறைய 38 புள்ளி முன்னிலை வேண்டும்! 2018 பிப்ரவரியில் டெலவேர் அணி முதல் பாதியில் ட்ரெக்சலைவிட 34 புள்ளி முன்னால் இருந்தது. ட்ரெக்சல் 85-83 என்று வென்றது.

இன்னொரு கதையும் உங்கள் காதில் விழும்: "இடைவேளையில் ஒரு புள்ளி பின்தங்கிய அணிக்குத்தான் வெறி வரும், அதுதான் ஜெயிக்கும்." பெர்கர், போப் என்ற ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்தது இது. அதில் கூடத் தொழில்முறை ஆட்டங்களில் கண்ட அளவு கல்லூரியில் இல்லை. பிறகு பல விளையாட்டுகளின் தரவோடு செய்த மறு ஆய்வில் அது நிற்கவும் இல்லை. இதை நம்பிப் பணம் வைக்காதீர்கள்.

ஓர் அசிங்கமான விஷயம்

2026 ஜனவரியில் ஃபிலடெல்பியாவில் கூட்டாட்சி அரசு வழக்கறிஞர்கள் 26 பேர்மேல் குற்றம் சாட்டினார்கள். கல்லூரி வீரர்களுக்குப் பணம் கொடுத்து மோசமாக ஆட வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அதில் குறிவைக்கப்பட்டவற்றில் முதல் பாதி ஸ்ப்ரெட்களும் உண்டு. ஏன் முதல் பாதி? யோசித்தால் புரியும். 20 நிமிடம் தடுமாறினால் போதும், இரண்டாம் பாதியில் நன்றாக ஆடி ஆட்டத்தையே ஜெயித்துவிடலாம், யாருக்கும் சந்தேகம் வராது. அதே மாதம் என்.சி.ஏ.ஏ. தலைவர் சார்லி பேக்கர், கல்லூரி விளையாட்டுக் காண்ட்ராக்டுகளை நிறுத்திவைக்கும்படி சி.எஃப்.டி.சி.யைக் கேட்டுக்கொண்டார். எனவே, கூட்டமே இல்லாத ஒரு சின்ன ஆட்டத்தின் இடைவேளை விலை காரணமில்லாமல் சரசரவென்று நகர்ந்தால் "மலிவாகக் கிடைக்கிறது" என்று பாய வேண்டாம். உங்களுக்குத் தெரியாதது அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரிந்திருக்கலாம். பெரிய ஆட்டங்களோடு நின்றுகொள்ளுங்கள்.

நோட்டு

ஒரு மாதம், முப்பது நாற்பது ஆட்டம், காசில்லாமல். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வரி: தேதி, அணிகள், ஸ்ப்ரெட், உங்கள் எண், ஆட்டம் தொடங்கும் முன் கடைசி விலை, இடைவேளை ஸ்கோர். பிறகு உங்கள் எண்ணுக்கும் நடந்ததுக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்துங்கள். 0.63 என்று எழுதி நடந்தால் 0.37-இன் வர்க்கம், 0.137. நடக்காவிட்டால் 0.63-இன் வர்க்கம், 0.397. சந்தை விலைக்கும் இதையே செய்யுங்கள். எப்போதும் கண்ணை மூடிக்கொண்டு 0.50 எழுதுகிறவருக்குச் சராசரி 0.25 வரும். உங்கள் சராசரி அதைவிடக் குறைவாகவும், சந்தையின் சராசரியைவிடக் குறைவாகவும் இருந்தால்தான் பர்ஸைத் திறப்பதைப் பற்றிப் பேசவே முடியும். நான் மூன்று மாதம் எழுதியும் சந்தையைத் தாண்டவில்லை. ஒட்டி வந்தேன், அவ்வளவுதான். அதனால் பருவம் முழுவதற்கும் 100 டாலர், ஒரு ஆட்டத்துக்கு 2 டாலர் என்று வைத்திருக்கிறேன். தீர்ந்தால் அடுத்த நவம்பர்தான். விட்டதைப் பிடிக்க இரண்டாம் பாதியில் போடுகிற பழக்கம் வந்துவிட்டது என்று உங்களுக்கே தோன்றினால், அமெரிக்காவில் 1-800-426-2537 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

நோட்டில் கட்டம் போடும்போது சமனுக்கும் ஒரு கட்டம் போடுங்கள். என் முதல் நோட்டில் அது இல்லை. அந்த 31-31-ஐ ஓரத்தில் பென்சிலால்தான் எழுத வேண்டியிருந்தது.